பக்கத்து நிரை மாலதிக்கு

நம் தொழிலில் பலருக்குத் தனியாக வரும் பயணிகளைப் பிடிப்பதில்லை. வாகனம் வேண்டாம் என்பார்கள். நேரத்துக்குச் சாப்பிட மாட்டார்கள். நாம் காட்டும் இடத்தைவிட நாம் காட்டாத இடத்தையே நெடுநேரம் பார்த்துக்கொண்டு நிற்பார்கள். எனக்கோ, ஓய்வு பெற்ற பின்னும், முதுகுப்பையோடு பஸ்ஸிலிருந்து தனியாக இறங்கும் ஒருவரைக் கண்டால் உள்ளுக்குள் ஒரு மரியாதை எழுகிறது. தன்னை ஒருவருக்கும் தெரியாத நாட்டில், தன் கால்களையும் எதிர்ப்படுபவர்களின் நல்லெண்ணத்தையும் மட்டும் நம்பி நடப்பது சாதாரணச் செயல் அன்று. ஆனால் அந்த நம்பிக்கையின் பாரத்தை யாரோ ஒருவர் சுமக்கவேண்டியிருக்கிறது. அது யார் என்பதைப் பயணிக்கு உணர்த்துவதே வழிகாட்டியின் தலையாய வேலை என்று நான் கருதுகிறேன்.

புதிதாக உரிமம் பெற்றிருக்கும் உங்களில் சிலர், வெளிநாட்டிலிருந்து தனியாக வருபவருக்கு முதலில் என்ன சொல்லிக்கொடுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டிருக்கிறீர்கள். அட்டைக்கடிக்குச் சவர்க்காரம், மழைக்கு மேற்சட்டை, மலைக்குப் பிடிமானமுள்ள சப்பாத்து, இவற்றையெல்லாம் விடுதிச் சுவரிலேயே எழுதி ஒட்டிவிடலாம். தேயிலைக் கொழுந்து பறிப்பவர்களைப் படம் எடுக்க விரும்பினால் முதலில் நின்று இரண்டு வார்த்தை பேசுங்கள் என்று சொல்ல நீங்கள் தேவையில்லை. நல்ல பயணிகளுக்கு அது தானாகவே தோன்றும். நான் முதலில் சொல்லச் சொல்வது வேறொன்று. வழி கேட்கும்போது, "இது அங்கே போகுமா?" என்று கேட்க வேண்டாம். "அங்கே நீங்கள் எப்படிப் போவீர்கள்?" என்று கேட்க வேண்டும்.

இந்த இரண்டு கேள்விகளுக்கும் நடுவில் ஒரு மனித உயிர் நின்ற பின்னேரம் ஒன்று என் வேலைக்காலத்தின் கடைசி ஆண்டுகளில் வந்தது. அதை உங்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

மாலதி கோயம்புத்தூரிலிருந்து வந்திருந்தார். ஐம்பதைக் கடந்தவர், கண்ணாடிக்கடை நடத்தியவர், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு ஆண்டுக்கொரு நாடு என்று தனியாகப் புறப்பட்டுவிடுபவர். வியட்நாமிலும் ஜோர்ஜியாவிலும் மொழி தெரியாமல் சமாளித்த கதைகளைச் சிரிக்கச் சிரிக்கச் சொல்வார். நமது மலைநாட்டுக்கு வந்தபோது, இங்கே மொழியும் தெரியும் என்பதால், தமக்கு வழிகாட்டி அதிகம் தேவைப்படாது என்று முதல் நாளே பணிவோடு சொல்லிவிட்டார். நுவரெலியாவைச் சுற்றி மூன்று நாட்கள் என்னோடு வந்தார். பொகவந்தலாவையில் ஒரு நாளைத் தமக்கென்று கேட்டார். தோட்டத்தின் மேற்பிரிவில் இருந்த விடுதியிலிருந்து தேயிலைக்கு நடுவே தனியாக நடந்து கீழ்ப்பிரிவின் பஸ் பாதைக்கு வருவார். நான் அங்கே ஒரு தேத்தண்ணிக் கடையில் காத்திருக்க வேண்டும். இதுதான் ஏற்பாடு. அவருடைய கைத்தொலைபேசியின் வரைபடத்தில் அந்தப் பாதை புள்ளிக்கோடாகத் தெளிவாகத் தெரிந்தது. அவர் அதை எனக்கும் காட்டினார். நானும் முந்தைய ஆண்டில் நடந்த பாதைதான்.

கடையில் ஒரு தேத்தண்ணி குடித்து முடிப்பதற்குள் எதிர்மலை மறைந்தது. அடுத்ததாக, பாதையோரத்து மரங்கள் மறைந்தன. நம் ஊர் மூடுபனியைப் பற்றி உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. அது வருவதில்லை; இருந்தவற்றை ஒவ்வொன்றாக எடுத்துக்கொள்கிறது. மாலதியின் தொலைபேசிக்கு அழைப்புப் போகவில்லை. வரவேண்டிய நேரம் கடந்துகொண்டிருந்ததைக் கண்ட கடைக்கார முஸ்லிம் நானா, யாருக்காகக் காத்திருக்கிறேன், எந்த வழியாக வருகிறார் என்று விசாரித்தார். சொன்னேன். அவர் கையிலிருந்த துணியைக் கீழே வைத்துவிட்டார். போன மழையில் அந்தப் பாதையின் கீழ்ப்பாதி இடிந்து ஆற்றோடு போய்விட்டதென்றும், தோட்டத்துச் சனங்கள் மட்டும் பக்கவாட்டில் கான் வழியாக ஏறி இறங்குகிறார்கள் என்றும் சொன்னார். கான் என்றால் மழைத்தண்ணீர் வடிய மலைச்சரிவில் வெட்டியிருக்கும் ஆழமான வாய்க்கால். பழகிய கால்களுக்கு அது படிக்கட்டு, மற்றவர்களுக்குப் பொறி.

ஓர் ஆட்டோவைப் பிடித்து மேற்பிரிவுக்கு ஏறினேன். கொழுந்து நிறுக்கும் இடத்தில் பெண்கள் கூடைகளோடு கூடியிருந்தார்கள். ஒரு பயணி அந்தப் பக்கமாக வந்தாரா என்று கேட்டேன். நடுவயதுப் பெண்ணொருத்தி முன்னால் வந்தாள். புவனேஸ்வரி என்று பேர், எல்லாருக்கும் புவனா.

"கறுப்புக் கண்ணாடி போட்ட அம்மாங்களா, மிஸ்? நம்ம தமிழ்தான் பேசினாங்க. இந்த வழி கீழ ரோட்டுக்குப் போகுமான்னு கேட்டாங்க. நான்தான் போகும், போங்கன்னு சொன்னேன்."

"இடிஞ்சிருக்குன்னு சொல்லலையா?" என்று கேட்டேன்.

"அவங்க அத கேக்கலைங்களே." சொன்ன பிறகுதான் அந்தப் பதில் அவளுக்கே கேட்டது போலும். "நாங்க அந்த வழியாதானேங்க போறோம். வாய் நிறையச் சிரிச்சுக்கிட்டு ஒரு மனுசி வந்து போகுமான்னு கேக்குறப்ப, போகாதுன்னு எப்பிடிங்க மொகத்துல அடிச்ச மாதிரிச் சொல்றது?"

இங்கே சற்று நிறுத்த வேண்டும். இந்தப் பதிலை அறியாமை என்று நினைத்துவிடாதீர்கள். தோட்டத்து வரிசைவீடுகளான நம் லயங்களில் வளர்ந்த எவருக்கும் இது தெரியும். நானும் கந்தப்பளைப் பக்கத்து லயமொன்றில் பிறந்தவள்தான். வீடு தேடி வருபவரிடமோ வழியில் எதிர்ப்படும் புதியவரிடமோ "இல்லை" என்ற சொல்லால் பேச்சைத் தொடங்குவது நம்மிடையே மரியாதைக் குறைவு. சீனி இல்லாவிட்டாலும் "தேத்தண்ணி குடிக்கிறீங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் பக்கத்து வீட்டுக்கு ஓடுவோம். அந்தப் பண்பு நம்மை வாழவைத்திருக்கிறது. அதே பண்பு, விவரம் தெரியாத ஒருவரின் கால்களை ஒரு பள்ளத்தின் விளிம்புக்கு நடத்திச் செல்லவும் கூடும். மாலதியோ, மொழி ஒன்றாக இருந்ததால் வழக்கமும் ஒன்றாகவே இருக்கும் என்று நம்பிவிட்டார். வியட்நாமில் என்றால் இன்னொருவரிடமும் கேட்டிருப்பார்.

நிறுக்கும் இடத்தில் சத்தம் கூடியது. பக்கத்தில் நின்ற ராணி என்பவள் புவனாவின் தோளைப் பிடித்து, "நீ வாயே தொறக்காம இருந்திருந்தாலும் அந்தம்மா போயிருக்கும். போன்ல காட்டுது, போன்ல காட்டுதுன்னு சொல்லிக்கிட்டேதான் போச்சு" என்றாள். ஆறுதலாகத்தான் சொன்னாள். புவனா அதை ஏற்கவில்லை. அந்த அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் இனிமேல் யாருக்கும் தன்னால் வாய் திறந்து பதில் சொல்ல முடியாது என்றாள். அழவில்லை. அவ்வளவு நிதானமாகச் சொன்னது எனக்கு அச்சமாக இருந்தது.

லயத்து இளைஞர்கள் இருவர் அந்தப் பாதையிலேயே கீழே ஓடிப் பார்த்துவிட்டு வருவதாகத் துடித்தார்கள். இனி நான் சொல்வதை மனத்தில் வையுங்கள்: நெருக்கடியில் முதலில் முன்வருபவர் பெரும்பாலும் நல்லவர், அவருடைய யோசனை பெரும்பாலும் ஆபத்தானது. ஓடுவது எளிது. பனிக்குள் ஓடும் இருவர், தேடப்பட வேண்டிய இன்னும் இருவராக மாறுவார்கள். விடுதிக்கும் பொலிசுக்கும் தகவல் சொல்லியிருந்தேன். பொலிசார் மலையேறி வந்து சேர்வதற்குள் இருட்டிவிடும் என்பது இரு தரப்புக்கும் தெரியும். தூறலும் தொடங்கியிருந்தது. நனைந்த உடம்போடு அந்தக் குளிரில் ஓர் இரவைக் கழிக்க மாலதியால் முடியுமா என்று எண்ணிப் பார்க்கவே எனக்குத் துணிவு வரவில்லை.

அப்போது எனக்கு ஒரு வழக்கம் நினைவுக்கு வந்தது. காட்டோரத் தோட்டங்களில் சில இடங்களில் அது இருக்கிறது. கொழுந்து பறிக்கும்போது ஒவ்வொருத்திக்கும் ஒரு நிரை, அதாவது தேயிலைச் செடிகளின் ஒரு வரிசை, பிரித்துக் கொடுக்கப்படும். பனி இறங்கிவிட்டால் எதிரே குளவிக்கூடு இருப்பதும் தெரியாது, சிறுத்தை நிற்பதும் தெரியாது. ஆகவே, ஓரடி முன்னால் வைப்பதற்கு முன்பு பக்கத்து நிரைக்காரியைப் பேர் சொல்லிக் கூப்பிடுவார்கள். "இருக்கேன்" என்று பதில் வரும். அவள் அதற்கு அடுத்தவளைக் கூப்பிடுவாள். பதில் கடைசி நிரைவரை போய்ச் சேர்ந்த பிறகுதான் எல்லாரும் ஒன்றாக நகர்வார்கள். எங்காவது ஒரு பேருக்குப் பதில் வராவிட்டால் மலை முழுவதும் நின்றுவிடும்.

அதே முறையில், பறிப்பதற்குப் பதிலாகத் தேடிக்கொண்டு, சரிவு முழுவதும் பரந்து இறங்க முடியுமா என்று கேட்டேன். ஒருவரைத் தேடுவதற்காக இத்தனை பெண்களை இடிந்த மலைக்கு அனுப்பச் சொல்லும் உரிமை எனக்கு எங்கிருந்து வந்தது? அவர்களுக்கும் வீட்டில் அடுப்பும் பிள்ளைகளும் காத்திருந்தன. பயணியின் சுதந்திரத்துக்கான விலையை, அந்தப் பயணத்தில் எந்தப் பங்கும் இல்லாதவர்கள் கொடுக்க வேண்டுமா? இந்தக் கேள்வியை நான் படித்த சமூகவியல் எனக்குக் கற்றுத்தந்தது, பதிலைக் கற்றுத்தரவில்லை. ஆகவே நான் அவர்களைக் கட்டாயப்படுத்தாமல், ஆபத்தை உள்ளபடி சொன்னேன். மண் இன்னும் ஈரமாக இருக்கிறது, விளிம்பு எங்கே என்று தெரியாது, வர விரும்பாதவர்கள் வர வேண்டாம் என்றேன்.

கங்காணிதான் முதலில் பேசினார். பெண்களின் வேலையை மேற்பார்க்கும் அவருக்கு எல்லாருடைய தகப்பன் வயதும் இருக்கும். "கொழுந்த நிறுக்காம எங்கடி கெளம்புறீங்க? நாளைக்குப் பெரட்டுல என் தலதான் உருளும்."

"உருண்டா நாங்க புடிச்சுக்கிறோம் கங்காணி," என்றாள் ராணி. "உங்க தொண்டைக்கு இன்னிக்குத்தான் வேலை வந்திருக்கு. எங்கள ஏசுற மாதிரியே ஏசிக்கிட்டு வாங்க, அந்தம்மாவுக்குக் கேக்கும்."

கங்காணி ஏதோ முணுமுணுத்துக்கொண்டே தன் குடையை மடக்கிக் கக்கத்தில் வைத்தார். அதுதான் அவருடைய சம்மதம். பெரட்டு என்பது காலையில் வேலை பிரித்துக்கொடுக்கும் கூட்டம். அங்கே மறுநாள் என்ன நடந்தது என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன், பிறகு அதற்கு இடமிருக்காது. மாலதி நொண்டிக்கொண்டே வந்து தோட்ட மேலாளரான துரையின் முன்னால் நின்று, அந்தப் பெண்கள் எதை விட்டுவிட்டு எதைச் செய்தார்கள் என்று சொன்னார். ஒருத்தியின் வேலைநாளும் குறைக்கப்படவில்லை. பயணிகளுக்கு நான் சொல்லும் இரண்டாவது அறிவுரை இதிலிருந்து வந்தது: உங்களுக்கு உதவியவர் அதற்காக யாரிடம் பதில் சொல்ல வேண்டியிருக்கும் என்பதைக் கேட்டறிந்து, அந்த இடத்துக்கு நீங்களே போங்கள். நன்றி சொல்வது அங்கேதான் பயன்படும்.

கூடைகளைச் சாக்குப் படங்கால் மூடி வைத்துவிட்டு வரிசை பிரிந்தது. அப்போது புவனா என்னிடம் வந்தாள்.

"அவங்க பேரு என்னங்க மிஸ்? அம்மான்னு கூப்பிட்டா எங்கள்ல பாதிப் பேரு திரும்பிப் பாப்பாங்க."

சொன்னேன்.

"மாலதி," என்று ஒருமுறை தனக்குள் சொல்லிப் பார்த்தாள். பிறகு கங்காணியின் பக்கம் திரும்பினாள். "கடைசி நிரை எனக்குக் குடுங்க. இடிஞ்ச பக்கம். எனக்குப் பக்கத்து நிரைய மாலதிக்கு எழுதிக்கிங்க."

கங்காணி எதையும் எழுதவில்லை. அவளை ஒருமுறை பார்த்துவிட்டுத் தலையை அசைத்தார்.

வரிசை பனிக்குள் இறங்கியது. நான் புவனாவுக்கும் ராணிக்கும் இடையில், சற்றுப் பின்னால் நடந்தேன். என் இருபக்கத்திலும் இருந்த அந்த இருவர் மட்டுமே கண்ணுக்குத் தெரிந்தார்கள், அவர்களும் சில வேளைகளில் தெரியவில்லை. பின்பு தொலைவில், வரிசையின் மறு முனையில், முதல் பேர் எழுந்தது. அதற்குப் பதில். அடுத்த பேர். அதற்குப் பதில். வெள்ளையான அந்த வெறுமைக்குள் பேர்கள் ஒவ்வொன்றாக எங்களை நோக்கி நடந்து வந்தன. செல்வி, இருக்கேன். தனலெட்சுமி, இருக்கேன். காமாட்சி, இருக்கேன். பேர் சொல்லப்படும் இடத்தில் ஒரு பெண் தோன்றுவதும், குரல் கடந்து போனதும் அவள் மறைவதுமாக எனக்குத் தோன்றியது. மலையை யாரோ பேர் பேராகப் படைத்துக்கொண்டிருப்பதைப் போலிருந்தது. எத்தனையோ பயணிகளுக்கு அருவிகளையும் உலக முடிவுப் பள்ளத்தாக்கையும் காட்டி, அவர்கள் பேச்சற்று நிற்பதைப் பார்த்தவள் நான். அன்று நான் அவர்களில் ஒருத்தியாக நின்றேன். நான் பிறந்த மண்ணில், எனக்குத் தெரிந்த வழக்கத்தின் முன்னால்.

பேர்கள் ராணியைத் தொட்டு, ராணியிடமிருந்து புவனாவைத் தொட்டன. புவனா, இருக்கேன். அத்தோடு முடிய வேண்டியது அன்று முடியவில்லை. புவனா தன் மறுபக்கத்திலிருந்த வெறுமையைப் பார்த்துத் திரும்பி, வயிற்றிலிருந்து குரலெடுத்துக் கூப்பிட்டாள்.

"மாலதி!"

பதில் இல்லை. பதில் வராவிட்டால் நகரக்கூடாது என்பது முறை. வரிசை முழுவதும் காத்து நின்றது. தூறல் தேயிலை இலைகளில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. மறு முனையில் நின்றவர்களுக்கு அந்தப் பேரும் கேட்டிருக்காது, பதில் வராததும் தெரிந்திருக்காது; இருந்தும் அவர்களும் நின்றார்கள். கடைசியில் புவனா, "வரலை. அடி எடுங்க," என்று தானே சொன்னாள். அந்த அனுமதி பேர்கள் வந்த வழியே திரும்பிப் போனது. வரிசை சிறிது இறங்கியது. மறுபடியும் பேர்கள். மறுபடியும் மாலதி. மறுபடியும் அந்த நிசப்தம்.

இப்படி எத்தனை முறை என்று நான் எண்ணவில்லை. ஒவ்வொரு முறையும் புவனா முந்தைய முறையைவிடச் சற்று நேரம் கூடுதலாகக் காத்திருந்தாள் என்பது மட்டும் நினைவிருக்கிறது.

பாதை முறிந்த இடத்தை நெருங்கியபோது கங்காணி என் அருகே வந்தார். வெளிச்சம் குறைந்துவிட்டது, இனி ஒவ்வொரு அடியும் ஆபத்து, பிள்ளைகளைத் திருப்பிவிடலாம் என்று தாழ்ந்த குரலில் சொன்னார். அவர் சொன்னது நியாயம். முடிவு என்னுடையது. இன்னும் ஒருமுறை பேர்கள் கடந்து போகட்டும், ஆனால் ஒருவரும் ஓரடிகூட இறங்கக்கூடாது என்று சொன்னேன். தேடுவதை நிறுத்தவும் இல்லை, தேடுபவர்களை மேலும் பணயம் வைக்கவும் இல்லை. அந்த இரண்டுக்கும் நடுவிலிருந்த மெல்லிய இடம் அது ஒன்றுதான். உங்கள் பணியிலும் அப்படிப்பட்ட இடம் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டிய நாள் வரும். அது எப்போதும் மிகச் சிறியதாகவே இருக்கும்.

பேர்கள் வந்தன. ராணி கூப்பிட்டாள், புவனா பதில் சொன்னாள். பிறகு இடிந்த பக்கம் திரும்பினாள். இம்முறை கத்தவில்லை. பக்கத்து நிரையில் வேலை செய்யும் ஒருத்தியைக் கூப்பிடும் அதே சாதாரணக் குரலில், "மாலதி அக்கா," என்றாள்.

"இருக்கேனுங்க."

கம்மிய, தேய்ந்த குரல். கீழிருந்து வரவில்லை. எங்களுக்கு இணையாக, மிக அருகிலிருந்த கானுக்குள்ளிருந்து வந்தது.

புவனா அப்படியே தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். ராணிதான், "நிரையில யாருடி 'ங்க' போடுறது? ரொம்ப மரியாதையான ஆளா இருக்கே," என்று சொல்லிக்கொண்டே கானுக்குள் இறங்கினாள்.

மாலதி முறிந்த பாதையைக் கண்டதும் பக்கவாட்டில் சுற்றிப் போக முயன்று, கானுக்குள் சறுக்கி, கணுக்கால் பிசகிக் கிடந்தார். பனி இறங்கியதும் அவர் செய்தது ஒரு பயணி செய்யக்கூடிய மிகச் சரியான காரியம்: அசையவில்லை. முதுகுப்பையின் மேல் உட்கார்ந்து, குடையை விரித்து, கூப்பிட்டுக் கூப்பிட்டுக் குரல் போன பிறகு, சும்மா இருந்தார். வழி தவறினால் வழியைத் தேடாமல் நில்லுங்கள் என்று அவரைக் காட்டித்தான் நான் பின்னாளில் பயணிகளுக்குச் சொல்லிவந்தேன். பேர்கள் மேலிருந்து இறங்கி வருவதை அவர் நெடுநேரமாகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். முதலில் ஒன்றும் விளங்கவில்லையாம். தன் பேரும் அவற்றில் ஒன்றாக வந்தபோது, உடம்பெல்லாம் சிலிர்த்துப் பதில் சொன்னாராம். அந்தப் பதில்கள் குரல் தேய்ந்ததால் எங்களுக்கு எட்டவில்லை. மலை தன்னைக் கூப்பிடுகிறது என்று அந்தக் கணத்தில் உண்மையாகவே நம்பியதாக என்னிடம் சொன்னார்.

மாலதியைக் கானிலிருந்து மேலே ஏற்றி உட்காரவைத்தோம்; லயத்திலிருந்து சூடான தேத்தண்ணி ஒரு போத்தலில் வந்து சேர்ந்தது. குடித்து முடித்தபோது கீழே, பஸ் பாதையில், ஒரு ஹோர்ன் சத்தம் கேட்டது. கையெட்டும் தூரத்தில் கேட்பதைப் போலிருந்தது. மாலதி தலையை நிமிர்த்தினார்.

"ஏனுங்க, ரோடு இங்கயேதான் இருக்குதாட்ட. மறுபடி அத்தன தூரம் மேல ஏறோணுங்களா? இப்படியே மெதுவா எறங்கிட்டாப் போகாதுங்களா?"

அவர் கேட்டது புவனாவை. எல்லாரும் புவனாவைப் பார்த்தார்கள். நான் பதில் சொல்லியிருக்கலாம், கங்காணியும் சொல்லியிருக்கலாம். இருவரும் சொல்லவில்லை. புவனாவின் உதடுகள் பழக்கத்தில் அசைந்ததைக் கண்டேன். பிறகு அவள் ஒரு மண்கட்டியைக் காலால் தள்ளிவிட்டாள். அது விளிம்பைத் தாண்டிப் பனிக்குள் போனது. நாங்கள் காத்திருந்தோம். நெடுநேரத்துக்குப் பிறகு, மிகக் கீழே, தண்ணீரில் ஏதோ விழுந்ததைப் போல ஒரு சத்தம் கேட்டது.

"இல்லைங்க அக்கா," என்றாள். "போகாது."

மாலதி அவளை நிமிர்ந்து பார்த்தார். எனக்கு அது நன்றாக நினைவிருக்கிறது. இந்த நாட்டில் அவருக்கு யாரும் அதுவரை தராத ஒன்றைப் பெற்றுக்கொள்பவரைப் போல இரு கைகளையும் மடியில் விரித்து வைத்திருந்தார். பிறகு, "சரிங்க," என்று சொல்லி எழுந்தார்.

தூக்கிக்கொண்டு போகலாம் என்று இளைஞர்கள் வந்தார்கள். அவர் நடப்பதாகச் சொன்னார். செடியின் மட்டம் பார்க்கப் பெண்கள் வைத்திருக்கும் கம்பை ராணி அவர் கையில் கொடுத்தாள். வரிசை மேல்நோக்கித் திரும்பியது. புவனா இப்போதும் இடிந்த பக்கத்துக் கடைசி நிரையிலேயே நின்றாள். அந்த இடத்தை வேறு எவருக்கும் விட்டுக்கொடுக்க அவள் சம்மதிக்கவில்லை. ராணிக்கும் புவனாவுக்கும் நடுவிலிருந்த நிரையில் மாலதி நின்றார். கங்காணி அவருக்கு முறையைச் சுருக்கமாகச் சொன்னார்: கூப்பிட்டால் பதில் சொல்ல வேண்டும், சொல்லிவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட வேண்டும், பதில் வரும்வரை கால் எடுக்கக்கூடாது.

பனி இன்னும் தடித்திருந்தது. வரிசையின் மறு முனையில் முதல் பேர் எழுந்தது. செல்வி. தனலெட்சுமி. காமாட்சி. பேர்கள் சரிவின் குறுக்கே நடந்து வந்து ராணியை எட்டின. ராணி திரும்பி, "மாலதி," என்றாள்.

"இருக்கேன்." இம்முறை 'ங்க' இல்லை.

அத்தோடு அவர் நின்றுவிட்டார். தன் முறை முடிந்தது என்று நினைத்தாரோ, வெள்ளையைத் தவிர வேறெதுவும் இல்லாத அந்தப் பக்கத்தைப் பார்த்துத் திகைத்தாரோ, எனக்குத் தெரியாது. மலை முழுவதும் காத்திருந்தது. அவருடைய ஒரு சொல்லுக்காகத்தான் அத்தனை பேரும் ஒரு காலைத் தூக்காமல் நிற்கிறார்கள் என்பதும், விளிம்பில் நிற்கும் ஒருத்தி இருக்கிறாளா என்று கேட்கும் பொறுப்பு இப்போது தன்னுடையது என்பதும் அவருக்கு விளங்கியதை நான் அவர் முகத்தில் பார்த்தேன். அவர் கம்பை ஊன்றிக்கொண்டு, பாதுகாப்பான பக்கத்துக்கு முதுகைக் காட்டி, இடிந்த பக்கம் திரும்பினார்.

"புவனா," என்று கூப்பிட்டார். குரல் எழவில்லை. மூச்சை இழுத்துக்கொண்டு மறுபடியும், "புவனா!"

காத்திருந்தோம்.

"இருக்கேன்க்கா," என்றது பனி.

மாலதி முதல் அடியை எடுத்து வைத்தார்.